நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதுமா? தகவல் எழுத்தறிவைக் கற்பிப்பது பற்றி

கல்லூரி நூலகமொன்றில் புதிதாகப் பொறுப்பேற்றவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு அங்கே ஒரு மணி நேர அறிமுக வகுப்பு நடக்கிறது. அடுக்குகளைக் காட்டுகிறார்கள், பட்டியலில் தேடச் சொல்லித் தருகிறார்கள், தரவுத்தளங்களுக்கான கடவுச்சொல்லைக் கொடுக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து ஒப்படைப்புகளைப் பார்த்தால், தேடுபொறியின் முதல் பக்கத்தில் வந்ததையே எல்லாரும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். "தகவல் எழுத்தறிவைக் கற்பிக்கவே முடியாதா? முடியுமென்றால் யார், எப்போது, எப்படி? கேட்டதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும்போது இது இனியும் தேவையா?"

முடியும். நூலக மேசையிலும் வகுப்பறையிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்துவருகிறேன். உங்கள் அறிமுக வகுப்பில் சொல்லப்படும் எதுவும் தவறில்லை. சொல்லப்படும் நாள்தான் தவறு. அன்றைக்கு அந்த மாணவர்களிடம் கேள்வி என்று ஒன்று இல்லை. எதைத் தேடப்போகிறோம் என்றே தெரியாதவருக்குத் தேடும் வழியைச் சொன்னால் அது காதில் விழும், கையில் நிற்காது. ஒப்படைப்புத் தலைப்பு கைக்கு வந்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் அவர்கள் திணறும் வாரம் ஒன்று வருகிறதே, அதுதான் உங்கள் வாரம். அந்த வாரத்தில், அந்தப் பாடத்தின் ஆசிரியரோடு சேர்ந்து கற்பியுங்கள். நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

தகவல் எழுத்தறிவு (தகவல் அறிதிறன் என்றும் சொல்வார்கள்) என்ற சொல்லை 1974இல் முதலில் பயன்படுத்தியவர் பால் சுர்கோவ்ஸ்கி. அவர் நூலகர் அல்லர். அமெரிக்காவில் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். தம் வேலையில் எழும் சிக்கல்களைத் தீர்க்கத் தகவல் மூலங்களைக் கையாளத் தெரிந்தவர்களை அவர் அப்படி அழைத்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழுவொன்று கொடுத்த வரையறைதான் இன்றுவரை பெரும்பாலும் புழங்குகிறது: தகவல் எப்போது தேவைப்படுகிறது என்று உணர்வது, அதைக் கண்டடைவது, மதிப்பிடுவது, உரியபடி பயன்படுத்துவது. இந்த நான்கில் இரண்டாவதை மட்டும் கற்பித்துவிட்டு மற்ற மூன்றும் தாமாக வந்துவிடும் என்று நாம் நம்பியிருக்கிறோம். அவை தாமாக வருவதில்லை.

முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மாணவி மேசைக்கு வந்து, "பிளாஸ்டிக் பற்றி ஏதாவது இருக்கிறதா, சார்?" என்று கேட்டாள். எழுந்து அடுக்கைக் காட்டியிருந்தால் நான்கு புத்தகங்களோடு போயிருப்பாள்.

"பிளாஸ்டிக்கில் எதைப் பற்றியம்மா?"

"மாசு பற்றி."

"நிலத்திலா, நீரிலா?"

"குடிநீரில். சின்னச் சின்னத் துகளாக இருக்கிறதாமே, அது."

"இருக்கிறது என்பது உனக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதது என்ன?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "கெடுதல் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு இருந்தால் கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை" என்றாள்.

கேள்வி பிறந்துவிட்டது. இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. அதுவரை நான் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை, கணினியைத் திறக்கவில்லை. தலைப்பு வேறு, கேள்வி வேறு. தலைப்போடு தேடுகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் பொருத்தமாகவே தெரியும். ஆகவே முதலில் வந்ததை எடுத்துக்கொள்வார். கேள்வியோடு தேடுகிறவருக்குத்தான் பொருந்தாதது எது என்று தெரியும். முதல் பக்கத்திலிருந்து நகலெடுக்கும் பழக்கத்தைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது கேள்வி இல்லாததன் விளைவு என்பதே என் அனுபவம்.

இந்த இடத்தில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் கேரல் குல்தாவ். பள்ளி மாணவர்கள் கட்டுரைக்காகத் தகவல் தேடும்போது அவர்கள் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை 1980களிலிருந்து ஆராய்ந்தவர். தேடலை அவர் ஆறு கட்டங்களாகப் பிரித்தார்: பணியை ஏற்பது, தலைப்பைத் தேர்வது, துழாவுவது, குவிமையத்தைக் கண்டடைவது, அதற்கேற்பத் திரட்டுவது, எழுதி முடிப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய உணர்ச்சியையும் சேர்த்தே அவர் பதிவு செய்தார் என்பதுதான் இதில் அருமை. தலைப்பைத் தேர்ந்ததும் நம்பிக்கை துளிர்க்கிறது. துழாவத் தொடங்கியதும் அது சரிகிறது. ஒரு மூலம் சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. "எனக்கு இது வராது" என்று மாணவர் கைவிடுவது இந்த மூன்றாவது கட்டத்தில்தான். மேசைக்கு வந்து உதவி கேட்க வெட்கப்படுவதும் இதே கட்டத்தில்தான்.

இதைத் தெரிந்துகொண்டபின் என் வகுப்பு மாறிவிட்டது. "அடுத்த வாரம் உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குழப்பம் வந்ததும் என்னிடம் வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முன்பு மேசைப் பக்கமே வராதவர்கள் வருகிறார்கள். கூடவே ஒரு தேடல் குறிப்பேடும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்தச் சொல்லை இட்டுத் தேடினேன், என்ன வந்தது, எதை விட்டேன், இப்போது என் கேள்வி என்ன: நாளுக்கு நான்கு வரி போதும். கேள்வி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்வி இருந்தால் அந்த மாணவர் எதையும் படிக்கவில்லை என்று பொருள்.

தேடும் நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது எளிதில் கற்பிக்கக்கூடியது, உங்களுக்கும் தெரிந்தது. ஒரே பொருளுக்கு வழங்கும் வேறு சொற்களை எழுதிவைத்துக்கொண்டு தேடுவது, சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இடுவது, 'மற்றும்' (AND), 'அல்லது' (OR), 'தவிர' (NOT) என்ற பூலியன் இணைப்புகளைப் பயன்படுத்துவது, நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது, அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வருவது. இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நாம் இடும் சொல்லிலேயே விடை ஒளிந்திருக்கக் கூடாது. 'மைக்ரோபிளாஸ்டிக் ஆபத்துகள்' என்று தேடினால் ஆபத்துகள் மட்டுமே வரும். 'மைக்ரோபிளாஸ்டிக் உடல்நலம் ஆய்வு' என்று தேடினால் வருவது வேறு. இரண்டையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டுங்கள். மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

மதிப்பிடுவது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் நெடுங்காலம் தவறாகக் கற்பித்தேன். பக்கத்தை எழுதியவர் யார், தேதி என்ன, 'எங்களைப் பற்றி' என்ற பகுதி இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, முகவரி எப்படி முடிகிறது என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் குறியிடச் சொல்வேன். கலிபோர்னியாவின் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் 2004இல் உருவாகி உலகமெங்கும் பரவிய பட்டியல் இத்தகையதுதான். புதுமை, பொருத்தம், அதிகாரம், துல்லியம், நோக்கம் ஆகிய ஐந்தையும் சோதிக்கச் சொல்வது. இந்தக் கேள்விகளில் குறையில்லை. ஆனால் மாணவர் விடை தேடுவது அந்தப் பக்கத்துக்குள்ளேயே. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை வைத்து ஒருவரை எடைபோடுவது போன்றது அது. ஏமாற்ற நினைப்பவர் தேதியும் போடுவார், பிழையில்லாமலும் எழுதுவார், இலச்சினையும் வைப்பார்.

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு என் கண்ணைத் திறந்தது. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், தொழில்முறையில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் என 45 பேரை இணையத்தில் உட்காரவைத்துக் கவனித்தார்கள். ஒரு பணியில் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட தொழில்முறைச் சங்கம். மற்றொன்று கருத்து வேறுபாட்டால் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயர்களும் தோற்றமும் ஒன்றுபோலவே இருந்தன. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கமே நம்பகமானது என்றார்கள். பேராசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் அனைவரும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் செய்தது மிக எளிது: பக்கத்தை ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, மேற்கொண்டு படிக்காமல் வெளியேறினார்கள், புதிய தாவல்களைத் திறந்து அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஊன்றிப் படி என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஊன்றிப் படிப்பதற்கு முன் அது படிக்கத் தகுந்ததா என்று வெளியே போய்க் கேட்டு வா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது இது.

இதே குழு 2016இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஒரு படம் வருகிறது. வகுப்பில் அப்படியே பயன்படுத்தலாம். உருக்குலைந்த டெய்சிப் பூக்கள். புகுஷிமா அணு விபத்தால் பூக்களுக்கு நேர்ந்த கதி என்பது போன்ற தலைப்பு. படப்பகிர்வுத் தளம் ஒன்றில் யாரோ போட்டது. அணு உலைக்கு அருகே உள்ள நிலைமைக்கு இது வலுவான சான்றா என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 170 பேரிடம் கேட்டார்கள். படத்தைப் போட்டவர் யார், அது எங்கே எடுக்கப்பட்டது என்று தெளிவாகக் கேள்வி எழுப்பியவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 40 சதவீதத்தினர், படமே இருக்கிறதே, ஆகவே வலுவான சான்று என்றார்கள்.

நான் இதை நடத்தும் முறை இப்படி. கணினிகள் உள்ள அறை, இரண்டிரண்டு பேராக மாணவர்கள். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, "ஐந்து நிமிடம். இந்தப் பக்கத்துக்குள் எந்த இணைப்பையும் சொடுக்கக் கூடாது. வெளியே போய் இவர்கள் யார் என்று கண்டுபிடித்து வாருங்கள்" என்பேன். முதல் முறை கைகள் தடுமாறும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவார்கள். மூன்றாவது முறை யாரும் உருட்டுவதில்லை. விக்கிப்பீடியாவை இதற்குத் தாராளமாக அனுமதிக்கிறேன். ஒப்படைப்பில் அதை மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் ஓர் அமைப்பு யாருடையது, யார் பணம் தருகிறார்கள் என்று இரண்டு நிமிடத்தில் அறிய அதைவிட வசதியான இடம் குறைவு. அதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் ஆசிரியர்கள் ஒரு நல்ல கருவியை மாணவர் கையிலிருந்து பிடுங்குகிறார்கள் என்றே நினைக்கிறேன். இணைய எழுத்தறிவு வல்லுநர் மைக் கால்பீல்ட் இம்முறையை நான்கு அசைவுகளாகச் சுருக்கித் தந்திருக்கிறார்: நில்; மூலத்தை விசாரி; அதைவிட நல்ல மூலம் இதைப் பற்றிச் சொல்கிறதா என்று பார்; கூற்று பிறந்த இடத்துக்குப் போ. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பிடிபடுகிறது.

அந்த நான்காவது அசைவுக்கு எனக்குப் பிடித்த பயிற்சி பசலைக்கீரை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்காகப் பதிவாகிவிட்டது, அதனால்தான் உலகமே கீரையைப் புகழ்ந்தது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அறிவியலில் கவனம் தேவை என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பேராசிரியர்களே சொல்வது. மாணவர்களிடம், "இது எங்கே பிறந்தது என்று பிடித்து வாருங்கள்" என்பேன். ஒன்று இன்னொன்றைக் காட்டும், அது மற்றொன்றைக் காட்டும். பலருக்கும் தடம் 1981இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் முடியும். அங்கே கதை இருக்கிறது, சான்று இல்லை. 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் அந்தத் தசமப் புள்ளிப் பிழையைத் தேடிப் போய், அப்படியொன்று நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார். பிழையைப் பற்றிய எச்சரிக்கைக் கதையே சரிபார்க்கப்படாமல் முப்பது ஆண்டுகள் கைமாறி வந்திருக்கிறது. படிக்காத மூலத்தை மேற்கோள் காட்டாதே என்று நூறு முறை சொல்வதைவிட இந்த ஒரு பிற்பகல் வேலை செய்கிறது.

ஆய்விதழில் வந்தால் போதும் என்ற எண்ணத்தையும் தொட்டுவிட வேண்டும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று சொன்ன, 12 குழந்தைகள் பற்றிய கட்டுரை, 1998இல் லான்செட் என்ற உயர்ந்த மருத்துவ இதழில்தான் வந்தது. 2010இல் அவ்விதழே அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அச்சான புத்தகங்கள் நூலக அடுக்குகளில் இன்னும் இருக்கக்கூடும். ஒரு கட்டுரையைக் கண்டதும், 'இதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எதையும் நம்பாத பிள்ளைகளை உருவாக்கிவிடுவோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. அப்படி நடந்தும் இருக்கிறது. நான்கு பொய்களை அடுத்தடுத்துக் காட்டிய ஒரு வகுப்பின் முடிவில் ஒரு மாணவன், "அப்படியென்றால் எல்லாருமே பொய்தான் சொல்கிறார்கள்" என்றான். அது என் தோல்வி. எல்லாவற்றையும் சந்தேகிப்பவரும் எல்லாவற்றையும் நம்புபவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: இரண்டு பேருமே சோதிப்பதில்லை. அன்றிலிருந்து நான் கொடுக்கும் பக்கங்களில் பாதிக்குமேல் நம்பத்தகுந்தவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். விசாரித்துவிட்டு, "ஆம், இவர்களை நம்பலாம்" என்று சொல்லும் பயிற்சியும் அவர்களுக்கு வேண்டும். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் வகுத்த தரநிலைகளை மாற்றி 2016இல் ஏற்ற சட்டகம், அதிகாரம் என்பது சூழலைப் பொறுத்தது என்கிறது. ஒரு நோயோடு பத்தாண்டு வாழ்ந்தவர் அதன் அன்றாடத்தைப் பற்றிப் பேசத் தகுதியானவர். மருந்தின் அளவைப் பற்றி அவர் சொல்வதை மருத்துவரிடம் கேட்டுத்தான் ஏற்க வேண்டும். யாரை எதற்கு நம்புவது என்பதுதான் பாடம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தேவையா என்று கேட்டீர்கள். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்திருந்தார். அவற்றில் பல நடக்காத வழக்குகள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதில் நான் மாணவர்களுக்குக் காட்டும் இடம் ஒன்று உண்டு. ஐயம் வந்தபோது, இந்த வழக்குகள் உண்மையானவையா என்று அவர் அதே செயலியிடமே கேட்டிருக்கிறார். அது ஆம் என்றிருக்கிறது. பக்கத்தை விட்டு வெளியே போகவில்லை. பழைய தவறு, புதிய கருவி. அதனால் செயலிகளைத் தடை செய்வதில் எனக்கு நாட்டமில்லை. ஒரு தலைப்பில் ஐந்து நூல்களையும் ஐந்து கட்டுரைகளையும் பரிந்துரைக்கச் சொல்லி, வந்த பத்தையும் நூலகப் பட்டியலிலும் இதழின் தளத்திலும் தேடவையுங்கள். ஆசிரியர் பெயர் உண்மையானது, இதழ் உண்மையானது, கட்டுரை மட்டும் எங்கும் இல்லை என்ற நிலையைத் தம் கண்ணால் பார்த்த மாணவருக்கு அதற்குமேல் அறிவுரை தேவைப்படுவதில்லை. சுருக்கமாகச் சொல்லச் சொல்வதற்கும், மாற்றுத் தேடுசொற்களைக் கேட்பதற்கும் அதே செயலி நன்றாகப் பயன்படுகிறது, அதையும் காட்டுங்கள்.

யார் கற்பிப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: நூலகரும் பாட ஆசிரியரும் சேர்ந்து. தனிப் பாடமாக வைத்தால் தேர்வோடு போய்விடும். நூலகர் மட்டும் செய்தால் சுற்றுலாவாகும். ஆசிரியர் மட்டும் செய்தால் முடிந்த கட்டுரைக்குத்தான் மதிப்பெண் விழும், தேடிய வழிக்கு விழாது. உங்களுக்குள் ஒரு தயக்கம் வரக்கூடும், எனக்கு வந்தது. இந்திய நூலக அறிவியலின் முன்னோடி ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. கேட்டதை உடனே எடுத்துக்கொடுப்பதுதான் நம் கடமை என்று பயிற்சி பெற்றவர்கள் நாம். மாணவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது அந்த விதிக்கு முரணாகத் தோன்றும். அன்றைக்கு ஏழு நிமிடம் செலவழித்த அந்த மாணவி அடுத்த முறை நேராகக் கேள்வியோடு வந்தாள். அவளது நேரமும் மிஞ்சியது, எனதும் மிஞ்சியது.

உங்களைத் தேடி வருகிறவர்களை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். மெலிசா கிராஸ், டான் லேதம் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வுகள், இத்திறன் குறைந்தவர்களே தம் திறனை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டின. தமக்குத் தெரியாது என்பது தெரியாததால் அவர்கள் உதவி கேட்டு வரமாட்டார்கள். வகுப்புக்குள் நாம் போவதுதான் வழி.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். மனமிசைந்த ஓர் ஆசிரியர், ஓர் ஒப்படைப்பு, மூன்று அரை மணி நேரங்கள்: தலைப்புக் கிடைத்த வாரம் கேள்விக்கு, அடுத்த வாரம் விசாரிப்பதற்கு, எழுதுவதற்கு முன் தடம் பிடிப்பதற்கு. கொள்குறி வினாக்களால் இதை அளக்க முயலாதீர்கள். ஒப்படைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: நீ படித்தும் பயன்படுத்தாமல் விட்ட மூலம் எது, ஏன்? சென்ற பருவத்தில் ஒரு மாணவர் அதற்கு எழுதிய விடை: "நான் சொல்ல நினைத்ததையே அந்தக் கட்டுரை சொன்னது. அதில் இருந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்." பத்துக்குப் பத்து கொடுக்க வேண்டும் என்று அவருடைய ஆசிரியரிடம் நான் கேட்டுக்கொண்டேன், அவரும் கொடுத்தார்.